டயர்க்காரரின் கையேடும் குளக்காரரின் வலைப்பூவும்

1900 ஆகஸ்டில், டயர் தயாரித்துவந்த மிஷ்லன் சகோதரர்கள் தங்கள் முதல் பயணக் கையேட்டை 35,000 பிரதிகள் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். அன்று பிரான்ஸ் முழுவதும் ஓடிய கார்கள் மூவாயிரத்தைத் தொடவில்லை. 2009இல் அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில், ஃபைபர்கிளாஸ் நீச்சல் குளங்கள் அமைத்துத் தரும் ‘ரிவர் பூல்ஸ்’ என்ற சிறு நிறுவனத்தின் பங்குதாரர் மார்கஸ் ஷெரிடன், இரவில் சமையலறை மேசையில் உட்கார்ந்து வலைப்பூ எழுதத் தொடங்கினார். பொருளாதாரச் சரிவின் அந்த நாள்களில் புதிய ஆள் வருவது இருக்கட்டும், முன்பணம் கட்டியவர்களே அதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முன்னவர்களுக்கு வாடிக்கையாளர் இன்னும் பிறக்கவில்லை. பின்னவருக்கு வாடிக்கையாளர் கலைந்து போய்விட்டார். ஆள் இல்லாத கடையில் எழுத உட்கார்ந்தவர்கள் என்பதே இருவருக்கும் உள்ள முதல் உறவு. கூட்டம் அலைமோதும் கடையில் யாரும் எழுத உட்காருவதில்லை என்றும் இதைச் சொல்லலாம்.

எழுதியது என்ன? கையேட்டில் டயர் மாற்றும் முறை இருந்தது. கூடவே பெட்ரோல் கிடைக்கும் இடம், பழுது பார்ப்பவர், மருத்துவர், தங்கும் விடுதி ஆகியவையும் ஊர்வாரியாக இருந்தன. பெட்ரோலை மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் டப்பாவில் வாங்க வேண்டிய காலத்தில், எந்த ஊரில் எவரிடம் அது கிடைக்கும் என்று தெரியாமல் காரை வெளியே எடுக்க முடியாது. வண்டி ஓடினால்தானே டயர் தேயும்? ஷெரிடன் செய்ததும் ஏறக்குறைய இதேதான். குளம் வாங்க வருகிறவர்கள் தம்மிடம் அதுவரை கேட்டிருந்த கேள்விகளையெல்லாம் பட்டியலிட்டு, ஒவ்வொரு கேள்வியையும் ஒரு பதிவின் தலைப்பாக்கினார்.

அவற்றில் முதன்மையானது எளிய கேள்வி: ஃபைபர்கிளாஸ் குளத்துக்கு என்ன செலவாகும்? அந்தத் தொழிலில் யாரும் விலையை வெளியே சொல்வதில்லை. இடம் பார்க்க வேண்டும், நேரில் பேச வேண்டும் என்று நழுவுவதே வழக்கம். ஷெரிடனாலும் ஒற்றை எண்ணைச் சொல்ல முடியவில்லை. ஆனால் எந்த அளவுக்கு எவ்வளவு ஆகும், எதைச் சேர்த்தால் ஏறும், எதை விட்டால் இறங்கும் என்று விரித்து எழுதினார். விலையைத் தேடி அலைந்தவர்களுக்குக் கூகுளில் கிடைத்த நேர்மையான பக்கம் அது. அந்த ஒரே பதிவின் வழியாகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வியாபாரம் நடந்ததாக அவர் கணக்குக் காட்டியிருக்கிறார். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் அளவில் இருந்த விளம்பரச் செலவும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது.

இதுவரை பார்த்தவை பொதுக் குணங்கள். பிரிவது, விற்கும் பொருளை எங்கே வைத்தார்கள் என்பதில். மிஷ்லன் தன் பொருளைப் பக்கத்திலிருந்து மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே போனது. 1920இல் கையேட்டுக்கு 7 ஃபிராங்க் விலை வைத்தது, விளம்பரங்களை நீக்கியது. 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் வந்தது. 1931இல் இரண்டு, மூன்று நட்சத்திரங்களும் சேர்ந்தன. சாப்பாட்டைப் பற்றிய பேச்சில் டயருக்கு என்ன வேலை என்று தோன்றலாம். நட்சத்திரங்களுக்குக் கொடுத்த விளக்கத்தைப் பாருங்கள். இரண்டு என்றால் வழியை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடலாம், மூன்று என்றால் அதற்கென்றே பயணம் புறப்படலாம். ருசியைக் கிலோமீட்டரில் அளந்த ஒரே அளவுகோல் இதுவாகத்தான் இருக்கும். டயர் பக்கத்தில் இல்லை. ஆனால் அளவுகோலுக்குள் ஒளிந்திருக்கிறது.

ஷெரிடன் நேர் எதிர்த் திசையில் போனார். தன் பொருளைப் பக்கத்தின் நடுவிலேயே போட்டு, அதன் குறைகளையும் தானே எழுதினார். ஃபைபர்கிளாஸ் குளத்தில் என்னென்ன சிக்கல் வரும், கான்கிரீட் குளம் எவருக்குப் பொருந்தும் என்றெல்லாம் பதிவுகள் வந்தன. இன்னும் ஒரு படி மேலே போய், ரிச்மண்ட் நகர வட்டாரத்தில் சிறந்த குளம் கட்டுநர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் தன் நிறுவனத்தின் பெயரைச் சேர்க்கவே இல்லை. விளைவு வேடிக்கையானது. போட்டியாளரின் பெயரைத் தேடியவர்களும் ஷெரிடனின் வலைப்பூவில்தான் வந்து இறங்கினார்கள்.

தன் சரக்கை மறைத்தவர் ஒருவர், அதன் ஓட்டையைக் காட்டியவர் மற்றவர். இரண்டு வழியும் வாசகர் மனத்தில் ஒரே சந்தேகத்தைத்தான் நீக்கின: இவன் விற்க வந்தவன், இவன் பேச்சை எப்படி நம்புவது? கையேட்டின் சோதனையாளர்கள் பெயர் சொல்லாமல் வந்து, சாப்பிட்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வலைப்பூக்காரர் தன் பெயரோடும் முகத்தோடும் நின்றார். முகம் மறைத்தும் நம்பிக்கை பெறலாம், முகம் காட்டியும் பெறலாம் என்பது எனக்கு உண்மையிலேயே வியப்பளித்த பொருத்தம்.

விலை விஷயத்தில் இருவரும் ஒத்துப்போவதில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மிஷ்லன் ஏன் காசு வாங்கத் தொடங்கியது என்பதற்குக் கம்பெனி வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. சகோதரர்களில் ஒருவரான ஆந்த்ரே மிஷ்லன் ஒரு டயர்க் கடைக்குப் போனபோது, வேலை மேசையின் கால் ஆடாமலிருக்க அவருடைய கையேடுகளை அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்களாம். சும்மா வந்ததற்கு அவ்வளவுதான் மரியாதை. வலைப்பூவோ இன்றும் இலவசம். ஆனால் ஷெரிடன் கவனித்த ஒரு கணக்கு இந்த இடத்தில் குறுக்கே வருகிறது. நேரில் பேசுவதற்கு முன் தன் தளத்தில் 30 பக்கங்களுக்கு மேல் படித்திருந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் குளத்தை வாங்கினார்கள் என்கிறார். முப்பது பக்கம் படிக்க ஒரு மாலைப்பொழுது போகும். அதைக் கொடுத்தவர் ஏழு ஃபிராங்கைவிடப் பெரிய விலையைக் கொடுத்தவர்தான்.

நம் ஜவுளிக்கடைகள் இதேபோல் இலவசமாகத் தரும் தினசரிக் காலண்டர் சமையலறைச் சுவரில் ஆண்டு முழுவதும் தொங்குகிறது. கடையின் பெயர் கண்ணில் படுகிறது, சரி. ராகு காலம் பார்த்தவர் அதற்காக அந்தக் கடையில் புடவை எடுப்பாரா என்றால் சொல்ல முடியாது. கையேடும் வலைப்பூவும் காலண்டரைத் தாண்டிப் போகும் இடம் இது. அவை நாளைச் சொல்லவில்லை, வாசகர் ஒரு முடிவெடுக்க உதவின.

ஒரு வேறுபாட்டை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. டயர் எங்கும் விற்கும். லியோனில் படித்தவரும் வாடிக்கையாளர், நீஸில் படித்தவரும் வாடிக்கையாளர். குளம் அப்படியல்ல. கலிஃபோர்னியாவில் விலைப் பதிவைப் படித்தவருக்கு விர்ஜீனியாக்காரர் வந்து குழி தோண்ட முடியாது. வலைப்பூவை நம்பிச் சிறு தொழிலில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் யோசிக்காத கணக்கு இது: வாசகர் கூட்டம் பெருகப் பெருக, அதில் பயனற்ற பங்கும் பெருகும். ரிவர் பூல்ஸ் வாசகரைக் குறைத்துக்கொள்ளவில்லை, தொழிலை மாற்றிக்கொண்டது. குளத்தைத் தானே வார்க்கும் உற்பத்தியாளராகி, பிற மாநிலங்களில் அதை நிறுவித்தர உரிமக் கிளைகளைத் திறந்தது. இவ்வளவு நாளும் சும்மா படித்துவிட்டுப் போன தூரத்து ஆளுக்கும் விற்க இப்போது ஒரு சரக்கு இருந்தது. ஷெரிடனோ குளத்தை விட்டு, எழுதி விற்பது எப்படி என்று மற்ற நிறுவனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார்.