இரண்டாம் முறை கேட்டல்

தருமம் கேட்பதில் முதல் முறை எளிது. இரண்டாம் முறைதான் கடினம். வெள்ளமோ பஞ்சமோ வந்துவிட்டால் கேட்பவருக்குச் சொல்வன்மைகூட வேண்டியதில்லை. வரும் செய்தியே கேட்டுவிடும். அதே மனிதரிடம் ஓராண்டு கழித்து, நாளிதழில் துயரச் செய்தி எதுவும் இல்லாத ஒரு நாளில், மறுபடியும் போய் நிற்பதற்கு வேறொரு தகுதி வேண்டும். இன்று உலகெங்கும் உள்ள நிவாரண நிறுவனங்கள் மின்னஞ்சல் வழியாக நன்கொடை திரட்டுகின்றன. ஒருமுறை கொடுத்தவரை இழந்துவிடாமல் இருப்பதே அவற்றின் பெருங்கவலை. அமெரிக்காவில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு முதன்முறையாகக் கொடுப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அடுத்த ஆண்டு அதற்குக் கொடுப்பதில்லை என்பது அத்துறையினர் தொடர்ந்து கண்டுவரும் கணக்கு. இதைத் தடுக்கும் முயற்சிக்கு அவர்கள் 'டோனர் ரிட்டென்ஷன்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். கொடையாளரைத் தக்கவைத்தல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

பெயர் புதிது, சிக்கல் மிகப் பழையது. நம் முன்னோர் அதற்கு இரண்டு விடைகளைக் கண்டிருந்தனர். ஒன்று, இரண்டாம் முறை கேட்கவே தேவையில்லாதபடி செய்துவிடுவது. மற்றது, நாள்தோறும் கேட்பது.

முதல் விடையைக் கல்வெட்டுகளில் காணலாம். சோழர் காலத்தில் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர் நெய்க்கெனப் பணம் கொடுத்துவிட்டுப் போகவில்லை, ஆடுகளைக் கொடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிறைத்துவிட வேண்டியது இடையரின் பொறுப்பு. ஆகவேதான் அந்த மந்தைக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். கொடுத்தவர் மாண்டு போகலாம். அவர் கொடை மாளாது. முதலைத் தொடாமல் அதன் பயனைக் கொண்டு நடக்கும் அறக்கட்டளை என்று இன்று நாம் சொல்வதன் முழு இலக்கணமும் அந்த மூன்று சொற்களுக்குள் இருக்கிறது.

இரண்டாம் விடை எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்கு உரியது. விருதுநகர் வணிகர்கள் வாங்கும், விற்கும் சரக்கின் மீது ஒரு சிறு தொகையை 'மகமை' என ஒதுக்கிப் பொதுக் காரியங்களை நடத்திவந்தனர். அவ்வூரின் சத்திரிய வித்தியாசாலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியபோது அதற்குத் துணை நின்றது பிடி அரிசி. உலை வைக்கும் முன் வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே ஒரு கலயத்தில் போடுவாள். சேர்ந்த அரிசியைப் பள்ளிக்காக வந்து வாங்கிப் போவார்கள். காமராசர் படித்தது அந்தப் பள்ளியில்தான். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட அவர், முதல்வரானபின் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறிட்டார் என்பதை நினைக்கும்போது அந்த அரிசி வெகுதூரம் போயிருக்கிறது என்றே சொல்லத் தோன்றுகிறது.

பிடி அரிசியின் நுட்பம் அதன் சிறுமையில் இருக்கிறது. ஒரு கைப்பிடி குறைந்தால் எந்த வீட்டிலும் பசி தெரியாது. ஆனால் அதை எடுத்துப் போடுவதற்கு நாள்தோறும் ஒரு கணம் அந்தப் பள்ளியை நினைத்தாக வேண்டும். மேலும், அரிசி போன இடம் அவள் கண்முன்னே இருந்தது. எதிர்வீட்டுப் பையன் பலகையோடு போவதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். கணக்கறிக்கை என்று தனியாக ஒன்று அவளுக்குத் தேவைப்படவில்லை.

கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவே கடல் குறுக்கிட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தில் அரைக் கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 1877 ஆகஸ்ட் 4-ஆம் நாள் சென்னையில், ஆளுநர் பக்கிங்காம் கோமகன் தலைமையில் ஒரு பொதுக்கூட்டம் கூடியது. இலண்டன் மேயர் முதலானோருக்குத் தந்தி வழியே வேண்டுகோள் சென்றது. 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி நிவாரண நிதிக் குழுவின் கௌரவச் செயலாளர் ஆனார். இலண்டன் மேயரின் மான்சன் ஹவுஸ் நிதிக்கு மட்டும் ஐந்து இலட்சம் பவுனுக்கு மேல் குவிந்தது. ஆஸ்திரேலியக் குடியேற்றங்களிலிருந்தும் பணம் வந்தது. கடல்தாண்டிய அந்நியரிடம் மின்கம்பி வழியே தருமம் கேட்ட முதல் பெருமுயற்சிகளுள் அது ஒன்று. இன்றைய மின்னஞ்சல் வேண்டுகோளுக்கு அதையே பாட்டி எனலாம்.

டிக்பியின் குழு பாராட்டத்தக்க ஒன்றைச் செய்தது. உயிரைக் காப்பது அரசின் கடமை; வாழ்வை மறுபடி தொடங்க உதவுவது நிதியின் கடமை என்று பகுத்துக்கொண்டு, விதை தானியத்துக்கும் உழவு மாட்டுக்கும் இடிந்த வீட்டின் கூரைக்கும் பணம் கொடுத்தது. 1878-இல் டிக்பி இரண்டு பெருந்தொகுதிகளாகப் பஞ்ச வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

அதே பஞ்சத்தில் இன்னொரு வழக்கமும் வேரூன்றியது. டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்னும் இராணுவ அதிகாரி, எலும்புக்கூடாகிப் போன மனிதர்களைக் குடும்பம் குடும்பமாக வரிசையில் அமர்த்திப் படம் பிடித்தார். அப்படங்கள் இங்கிலாந்து வரை சென்றன. படம் பிடித்தவர் அவர்களுக்கு உதவினாரா என்ற கேள்வி அக்காலத்திலேயே எழுந்தது. அப்படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. விதை நெல் பெற்று அடுத்த ஆண்டு விதைத்தவனை யாரும் படம் பிடித்து அனுப்பவில்லை. கொடுத்தவர் மனத்தில் நின்றது விலா எலும்பு மட்டுமே.

என் பழைய மாணவி ஒருத்தி இராஜபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு நிவாரண நிறுவனத்துக்காகத் தன்னார்வமாக இந்த மின்னஞ்சல் வேலையைச் செய்கிறாள். அழுகிற குழந்தையின் படமும் அதன் கீழே நான்கு வரிகளும் கொண்ட ஒரு மாதிரிக் கடிதத்தை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். "ஐயா, போன வருசம் கொடுத்தவங்களுக்கும் இதே கடிதந்தான் போகுது. அவங்க கொடுத்த பணம் என்ன ஆச்சுன்னு இதுல ஒரு வரிகூட இல்லையே" என்றாள். ஹூப்பரின் பெயரை அவள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் சிக்கலின் முடிச்சை மிகச் சரியாகத் தொட்டுவிட்டாள் என்றே நினைக்கிறேன்.

அவளுடைய கேள்வியை இந்தியர்களுள் மிக ஆழமாகச் சிந்தித்தவர் காந்தி. 1894-இல் அவர் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கியபோது உறுப்பினர் கட்டணம் மாதம் குறைந்தது ஐந்து ஷில்லிங். முதல் உற்சாகம் தணிந்ததும் மாதந்தோறும் வசூலிப்பது பெரும்பாடாயிற்று. உடனே ஆண்டுக் கட்டணமாக, குறைந்தது மூன்று பவுனாக, மாற்றினார். ஒருமுறை ஆறு பவுன் தரக்கூடிய வணிகர் ஒருவர் மூன்றுக்கு மேல் தர மறுத்தார். காந்தியும் நண்பர்களும் அவர் வீட்டிலேயே, பசியோடு, அவர் அளித்த உணவை மறுத்து இரவெல்லாம் காத்திருந்தனர். விடியும் வேளையில் அவர் ஆறு பவுனையும் கொடுத்து விருந்தும் படைத்தார். இவ்வளவு விடாப்பிடியாகக் கேட்டவர், எவ்வளவு சிறிய தொகைக்கும் இரசீது கொடுத்தார். காசு காசாகக் கணக்கு வைத்தார். கணக்கு இல்லாத இடத்தில் உண்மையைக் காக்க முடியாது என்பது அவர் துணிபு.

அதைவிட முக்கியமானது அவர் பின்னர் வந்தடைந்த முடிவு. பொது அமைப்புகள் நிரந்தர நிதியைச் சேர்த்து வைத்துக்கொண்டு அதன் வருவாயில் நடப்பது தகாது என்று தம் சுயசரிதையில் வாதிடுகிறார். ஆண்டுதோறும் மக்கள் தரும் சந்தாதான் ஓர் அமைப்பின் நேர்மைக்கும் செல்வாக்குக்கும் தேர்வு; அத்தேர்வில் தோற்ற அமைப்புக்கு வாழும் உரிமை இல்லை என்பது அவர் கருத்தின் சாரம். நேட்டால் காங்கிரசுக்கு வாங்கிய சொத்தின் வாடகை, பிற்காலத்தில் பூசலில் சிக்கி நீதிமன்றத்துக்குப் போனதை அவர் பார்த்திருந்தார். சாவா மூவாப் பேராட்டுக்கு எதிராகச் சொல்லப்பட்ட மிக வலுவான சொல் இதுவே எனலாம். இரண்டாம் முறை கேட்க நேர்வது அவர் பார்வையில் ஓர் அமைப்புக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

அவர் 1927-இல் கதருக்காகவும் 1934-இல் அரிசன நிதிக்காகவும் தமிழகத்தைச் சுற்றியபோது இராஜபாளையத்துக்கும் வந்தார். 1933 நவம்பரில் தொடங்கி ஒன்பது மாதங்கள் ஓடிய அரிசன யாத்திரையில் ஏறத்தாழ 12,500 மைல் பயணம் செய்து எட்டு இலட்சம் ரூபாய் திரட்டினார். ஏழு ஆண்டு இடைவெளியில் அதே ஊர்களிடம் இரண்டாம் முறை கையேந்த அவரால் முடிந்தது. முதல் முறை கொடுத்தது எங்கே போனது என்று கேட்டால் விடை சொல்ல அவரிடம் கணக்கு இருந்தது. இராஜபாளையத்தைச் சேர்ந்தவரும், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்தவருமான பூ. ச. குமாரசாமி ராஜா தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு எழுதிவைத்தார். பணமுடிப்பில் தொடங்கிய உறவு வீட்டில் வந்து நின்றது.

மின்னஞ்சல் காலத்தில் இதற்கு இணையான ஒரு நிகழ்ச்சி நம் கடற்கரையை ஒட்டியே நடந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டனர். உலகமே கொடுத்தது. பிரிட்டனின் பேரிடர்க் கூட்டுக்குழு ஒன்றே 39 கோடி பவுனுக்கு மேல் திரட்டியது. அந்த வேளையில், 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே, 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு வியப்பான ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஆழிப்பேரலைக்கெனத் தாங்கள் திட்டமிட்ட பணிக்குப் போதிய பணம் வந்துவிட்டது. அதற்கென்று இனி அனுப்ப வேண்டாம் என்றது. வந்து குவிந்ததை வேறு அவலங்களுக்குச் செலவிடலாமா என்று கொடுத்தவர்களிடமே எழுதிக் கேட்டது. மறுத்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் ஆயத்தமாக இருந்தது. மிகப் பெரும்பாலோர் சம்மதித்தனர். நிறைந்த உண்டியலை மூடிவைக்கும் துணிவுள்ளவரை மறுமுறை நம்புவதில் மக்களுக்குத் தயக்கம் இல்லை.

எங்கள் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகும். ஆண்டாளின் திருக்கல்யாணத்துக்குத் திருப்பதியிலிருந்து பட்டு வரும். மாலை மட்டும் ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்து, அங்கிருந்து எதுவும் வராமல் இருந்தால் அதை உறவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நிவாரணத்துக்கு எழுதும் கடிதத்திலும் அந்தப் பட்டு இருக்க வேண்டும். போன ஆண்டின் ஐந்நூறு ரூபாய் எந்த ஊரில் எந்தக் கூரையாயிற்று, எது நடக்காமல் போயிற்று, ஏன் என்ற நாலு வரி போதும். அந்த நாலு வரியை எழுதியபின் கேட்டால், அழுகிற குழந்தையின் படம் இல்லாமலே கேட்கலாம்.