ரோசினாந்தேயின் சுமை

1960 செப்டம்பரில் ஜான் ஸ்டைன்பெக், நியூயார்க் மாநிலத்தின் சாக் ஹார்பரிலிருந்து அமெரிக்காவைச் சுற்றிவரப் புறப்பட்டார். துணைக்கு சார்லி என்ற பூடில் நாய். வாகனம், ஜி.எம்.சி. பிக்கப் லாரி ஒன்றின் பின்தட்டில் ஏற்றப்பட்ட சிறு வீடு. டான் குயிக்ஸாட்டின் குதிரையான ரோசினாந்தேயின் பெயரை அதற்குச் சூட்டினார். 1962-இல் வெளியான ‘டிராவல்ஸ் வித் சார்லி’யை வாசிக்கும் நாம் நாயை நினைவில் வைத்துக்கொண்டு வண்டியை மறந்துவிடுகிறோம். அந்த வண்டிக்கும் ஒரு வரலாறு உண்டு.

ஸ்டைன்பெக் தேவைக்கு மேல் ஏற்றிக்கொண்டவர். படிக்காமல் விட்ட புத்தகங்கள் மட்டுமே நூற்றைம்பது பவுண்டு, அதாவது ஏறத்தாழ 68 கிலோ. விளைவு ஓரிகானில் தெரிந்தது. மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாரம் தாங்காமல் டயர் வெடித்தது. இன்னொன்று புடைத்து நின்றது. பார்வைக்கு முரடரான பழுதுநிலையக்காரர் ஒருவர் எங்கெங்கோ விசாரித்துக் கனத்த டயர்களை வரவழைத்துத் தந்தார். 2010-இல் அதே தடத்தில் பயணம் செய்த பத்திரிகையாளர் பில் ஸ்டீகர்வால்ட், நூலில் புனைவு மிகுதி என்று வாதிட்டார். அது எப்படியாயினும், பாரம் பற்றிய பாடம் பொய்யன்று.

டிரக் கேம்பரில் எடை எவ்வளவு என்பதோடு எங்கே அமர்கிறது என்பதும் முக்கியம். அதன் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழவேண்டும். பின்னால் விழுந்தால் முன்சக்கரங்கள் இலேசாகி, ஸ்டீயரிங் சொல்பேச்சுக் கேட்காது. 1970-களில் அமெரிக்க அரசு இதை விதியாக்கியது. கேம்பர் செய்பவர் அதன் எடையையும், லாரி செய்பவர் தாங்கும் சுமையையும் ஈர்ப்பு மையம் இருக்கவேண்டிய எல்லையையும் வாங்குபவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்றாயிற்று.

எடைதான் வேறொரு கதையையும் தொடங்கிவைத்தது. 1938 ஏப்ரல் 6 அன்று நியூ ஜெர்சியில் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் ஒரு வாயு உருளையைத் திறந்தார். எதுவும் வெளிவரவில்லை. ஆனால் உருளையின் எடை குறையவில்லை. அறுத்துப் பார்த்தபோது உள்ளே மெழுகுபோன்ற வெள்ளைத் தூள் இருந்தது. பிற்பாடு டெஃப்லான் என்று பெயர்பெற்ற பொருள் அதுவே. எதுவும் ஒட்டாத அதை உலோகத்தில் ஒட்டவைப்பது எப்படி? 1950-களில் பிரான்சின் மார்க் கிரெகுவார் அலுமினியத்தின் மேற்பரப்பை அமிலத்தால் அரித்து, அந்த நுண்குழிகளில் அதைப் பற்றவைத்தார். பொரியல் சட்டி பிறந்தது.

இதற்கு இருண்ட பக்கமும் உண்டு. டெஃப்லான் தயாரிப்பில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருள் மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் வட்டாரத்துக் குடிநீரில் கலந்தது.

இன்று உராய்வு குறைக்கும் பூச்சுகள் இயந்திர உறுப்புகள் பலவற்றுக்கும் இடப்படுகின்றன. கேம்பரைத் தூக்கி இறக்கும் ஜாக்கித் திருகு, கதவுச் சட்டம், பூட்டு போன்ற அசையும் உறுப்புகளுக்கு அவை நன்மையே. துரு குறையும், இறுகிப்போகாது. ஆனால் மரைகளில் பூசினால் கணக்கு மாறும். வறண்ட போல்ட்டுக்குச் சொன்ன முறுக்கு விசையையே பூசிய போல்ட்டுக்கும் கொடுத்தால், அது எதிர்பார்த்ததைவிட அதிகமாக இழுபட்டு நீண்டுவிடலாம், அறுந்தும் போகலாம். பூச்சைச் செய்தவர் குறிப்பிடும் அளவையே பின்பற்றவேண்டும்.

லாரித் தட்டிலோ தேவை நேர்மாறானது. அங்கே பிளாஸ்டிக் விரிப்பு வழுக்கும். ரப்பர் பாய் பிடிக்கும். நான்கு மூலைகளிலும் இழுத்துக் கட்டும் பிணைப்புகளை, புறப்பட்டுச் சில மைல்கள் ஓடியபின் நிறுத்தி மறுபடி சரிபார்ப்பது நல்ல வழக்கம்.

ரோசினாந்தே இன்று கலிஃபோர்னியாவின் சலினாஸில், ஸ்டைன்பெக் பிறந்த ஊரின் அருங்காட்சியகத்தில் ஓய்வெடுக்கிறது. அதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் உள்ளிருக்கும் மேசையோடு டயர்களையும் ஒருமுறை குனிந்து பார்ப்போம். அந்தப் புத்தகப் பாரத்தைச் சுமந்தவை டயர்களே.