மாவு பிசைபவரின் நெற்றித் துணி

அங்காடியில் உணவு வாங்குவோர் அதைச் சமைத்த கைகளைக் காண்பதில்லை. அக்கைகளைக் கண்காணிக்கும் பொறுப்பை இடைக்கால முஸ்லிம் நகரங்கள் 'முஹ்தஸிப்' எனும் அங்காடி அதிகாரியிடம் ஒப்படைத்திருந்தன. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த அஷ்ஷைஸரீ அவ்வதிகாரிகளுக்காக எழுதிய கையேட்டில், ரொட்டிக்கு மாவு பிசைவோருக்கான விதிகளைக் காண்கிறோம். காலால் மிதித்துப் பிசையலாகாது. எச்சில் தெறிக்காதிருக்க வாயை மூடிக்கொள்ள வேண்டும். வியர்வை சொட்டாதிருக்க நெற்றியில் வெண்துணி கட்ட வேண்டும். பகலில் ஒருவர் அருகே நின்று ஈ ஓட்ட வேண்டும். நோய்க்கிருமிகளை மனிதர் அறியாத காலம் அது.

திருக்குர்ஆன் (2:168) 'ஹலால்' என்பதோடு 'தய்யிப்' என்பதையும் இணைத்தே கூறுகிறது. இறைச்சி ஹலாலா என வினவும் நாம், அதை நறுக்கிய பலகையும் பரிமாறிய கையும் தூய்மையானவையா என வினவத் தயங்குகிறோம். நம் முன்னோர் தயங்கவில்லை.