கசப்பை எப்போ போடணும்?

போன வருஷம் ஒரு ராத்திரி பாரிஸிலிருந்து என் அத்தை பையன் கூப்பிட்டான். அவன் தாத்தா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. மத்தவங்களுக்குச் சொல்றேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பிரெஞ்சுக் குடியுரிமையோட இருக்கிற குடும்பம். அங்கே சொந்தக் குடிப்புக்கு வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கலாம். இங்கே உரிமம் இல்லாம காய்ச்சினா கலால் துறை வாசலில் வந்து நிக்கும். அதனால இந்த எபிசோடைக் கேட்டுட்டு யாரும் அண்டாவைத் தேட வேண்டாம்.

"மச்சான், இருபது லிட்டர் போட்டேன். வேப்பங்கொழுந்தைக் கடிச்ச மாதிரி இருக்கு"ன்னான். ஹாப்ஸ் எப்போ போட்டேன்னு கேட்டேன். கொதி வந்ததும் 100 கிராம் பாக்கெட்டை மொத்தமா கொட்டிட்டானாம். ரசம் வைக்கிறவங்க யாரா இருந்தாலும் இந்தத் தப்பை உடனே பிடிச்சிருப்பாங்க. புளித்தண்ணி முதலில் கொதிக்கணும், மல்லித்தழை இறக்கும்போது போகணும். ரெண்டையும் ஒண்ணா போட்டுக் கொதிக்க விட்டா வாசனை எல்லாம் ஆவியோட போயிடும்.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியில் பூக்கிற, குட்டிக் கூம்பு மாதிரி இருக்கிற பச்சைப் பூ. கஞ்சாவும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம், ஆனா போதை இதில் இல்லை. இதில் ஆல்ஃபா அமிலம்னு ஒரு பிசின் இருக்கு. அது அப்படியே தண்ணியில் சரியா கரையாது. ஒரு மணி நேரம் கொதிச்சா அதோட வடிவம் மாறி, கரைஞ்சு, கசப்பாகும். வாசனை எண்ணெயும் அதே பூவில்தான் இருக்கு, ஆனா கொதியில் அது பறந்துடும். அதனால கசப்புக்கு முதலிலேயே போடணும். சுவைக்குக் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிஷம். வாசனைக்கு அடுப்பை அணைச்ச பிறகு, இல்லேன்னா நுரைச்சு அடங்கின பீரிலேயே பச்சையா.

கணக்கும் கஷ்டம் இல்லை. அவன் வாங்கினது 6 சதவீத ஆல்ஃபா அமிலம் உள்ள ஹாப்ஸ். 100 கிராமில் 6 கிராம். ஒரு மணி நேரக் கொதியில் சுமார் கால்வாசிதான் பீருக்குள் இறங்கும், அதாவது 1,500 மில்லிகிராம். 20 லிட்டரால் வகுத்தா லிட்டருக்கு 75. இந்த மில்லிகிராம் கணக்கைத்தான் ஐ.பி.யூ.ன்னு சொல்றாங்க. நம்ம கடையில் கிடைக்கிற சாதாரண லாகர் 20-ஐத் தாண்டுறதே அபூர்வம்.

சரி, இவ்வளவு கசப்பை மனுஷன் ஏன் பீருக்குள் போட ஆரம்பிச்சான்?

அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடின பெரும்பாணாற்றுப்படையில் வீட்டிலேயே அரிசி பீர் காய்ச்சுற செய்முறை இருக்கு. அரிசியைக் களி மாதிரி துழாவி, ஆற வெச்சு, முளைத் தானியத்தை இடிச்சுக் கலந்து, ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி சாடியில் வைக்கிறாங்க. இன்னிக்கு மால்ட்னு சொல்றோமே, அந்த முளைதான் இது. ஆனா கசப்புப் பொருள்னு ஒண்ணு அந்தச் செய்முறையிலேயே இல்லை. அங்கேயே காய்ச்சி அங்கேயே குடிக்கிற சரக்குக்குக் கசப்பு வேண்டாம். கள்ளும் அப்படித்தான், காலையில் இறக்கினது சாயங்காலத்துக்குள் கடுத்துடும். அதே பானைக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினா கள்ளுக்குப் பதில் பதநீர் கிடைக்கும். என்னைக் கேட்டா, ஒரு பொருளைச் சரியான நேரத்தில் சேர்த்து நொதியை அடக்குற வித்தையில் சுண்ணாம்பை மிஞ்ச ஆளில்லை.

ஐரோப்பாவில் அந்த வேலையை ஹாப்ஸ் பார்த்தது. பானம் கெடாம இருக்க இதோட கசப்பு உதவும்னு 12-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் ஹில்டகார்ட்ங்கிற கன்னியாஸ்திரீ எழுதி வெச்சிருக்காங்க. 1516-இல் பவேரியாச் சட்டம் பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணி தவிர வேற எதுவும் கூடாதுன்னு சொன்னது. இன்னிக்கு நமக்குக் காரணம் தெரியும்: தயிரைப் புளிக்க வைக்கிற பாக்டீரியா வகைகளை இந்தக் கசப்பு வளர விடாது. ஈஸ்ட்டை மட்டும் ஒண்ணும் செய்யாது.

இப்போ கப்பலுக்கு வருவோம். லண்டனில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன்னு ஒருத்தர் 1752-இல் போ என்ற இடத்தில் பீர் காய்ச்ச ஆரம்பிச்சார். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிக்கிற துறை பக்கத்திலேயே இருந்தது. கேப்டன்களுக்கு 18 மாசம் வரை கடன் கொடுத்தார். இந்தியாவுக்காகவே இவர் ஐ.பி.ஏ.வைக் கண்டுபிடிச்சார்னு ஒரு கதை சுத்துது, நம்பாதீங்க. ஹாப்ஸ் அதிகம் போட்ட வெளிர் பீர் அங்கே ஏற்கெனவே இருந்தது. கறுப்பான போர்ட்டர் பீரும் இதே கப்பல்களில் ஏகப்பட்டது வந்தது. இந்தியாவுக்கான பேல் ஏல்ங்கிற பேரே 1830-கள் வாக்கில்தான் புழக்கத்துக்கு வருது. ஹாட்ஜ்சன் கெட்டிக்காரத்தனம் ரசாயனத்தில் இல்லை, கடன் கணக்கில் இருந்தது.

ஆனா சூட்டு ஊருக்குப் போற பீருக்கு ஹாப்ஸைக் கூட்டிப் போடணும்னு 1760-களிலேயே அங்கே காய்ச்சுறவங்களுக்கு ஆலோசனை சொல்லப்பட்டது உண்மை. நன்னம்பிக்கை முனையைச் சுத்தி, பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டி, நாலஞ்சு மாசம் ஆடி ஆடி வரணும். வர்ற வழியில் கசப்பும் வாசனையும் குறையும், அதனால பீப்பாய்க்குள்ளேயே காஞ்ச ஹாப்ஸையும் போட்டு மூடினாங்க. இன்னிக்கு டிரை ஹாப்பிங்னு சொல்றது இதைத்தான். சென்னையிலயும் சரி, நம்ம ஊரிலயும் சரி, அப்போ கப்பல் கரைக்கு வராது. அலையில் சலங்கு ஓட்டித்தான் சரக்கை இறக்கணும். ஹாட்ஜ்சன் வியாபாரம் நல்லா ஓடின காலத்தில், 1793-லிருந்து 1816 வரை, புதுச்சேரியே இங்கிலீஷ்காரங்க கையில்தான் இருந்தது. பிரெஞ்சு ஊர்னா ஒயின் மட்டும்தான்னு நினைக்கிறவங்க இந்த 23 வருஷத்தை மறந்துடுறாங்க.

ஹாப்ஸ் இங்கே ஏன் விளையலை? அதுக்கு நல்லாப் பூக்கணும்னா கோடையில் 15 மணி நேரத்துக்கு மேல பகல் வேணும். புதுச்சேரியில் நீளமான பகலே 13 மணி நேரத்துக்குப் பக்கம்தான். அதனால நம்ம ஆளுங்க வேற மரத்தைப் பார்த்தாங்க. வெல்லத்தையோ பனஞ்சாற்றையோ ஊற வைக்கும்போது வெள்வேல மரத்துப் பட்டையைப் போட்டாங்க. அதோட துவர்ப்பு, ஊறலில் இருக்கிற புரதத்தை அடியில் படிய வைக்கும்னு 19-ஆம் நூற்றாண்டுத் தாவரவியல் புத்தகங்கள் சொல்லுது. 'பட்டை அடிச்சிருக்கான்'னு நாம சொல்ற பட்டை இந்த மரத்தோடதுதான். காய்ச்சி வடிக்கிறதால அந்தத் துவர்ப்பு கிளாஸுக்கு வராது, பேர் மட்டும் நின்னுடுச்சு.

மச்சான் அடுத்த தடவை 30 கிராமை முதலில் போட்டான், 20 கிராமை அடுப்பை அணைச்ச பிறகு போட்டான். கணக்குப்படி 22-க்குப் பக்கம். பொங்கலுக்கு வந்தப்போ ரெண்டு பாட்டில் கொண்டு வந்தான். ஒண்ணு பழுப்பு பாட்டில், அது பிரமாதம். இன்னொண்ணு வெள்ளைக் கண்ணாடி. ஹாப்ஸ் கசப்பும் வெயிலும் சேர்ந்தா கந்தகம் கலந்த ஒரு நாத்தம் பிறக்கும், பீர் பாட்டில் பழுப்பா இருக்கிறதே அதைத் தடுக்கத்தான். இதை நான் சொல்றதுக்குள்ள அந்தப் பாட்டில் எங்க வீட்டு மொட்டைமாடியில் ஒரு மத்தியானம் இருந்துட்டது. திறந்ததும் ஆயா மூக்கைப் பொத்திக்கிட்டாங்க.

"எலி செத்திருக்கு பாருடா"ன்னாங்க.