2,980 கிலோமீட்டர் பிறந்த கதை

திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் பெரும்பாலும் திருச்சியில்தான் விமானம் ஏறுகிறார்கள். கும்பகோணம், பாபநாசம், தஞ்சாவூர் தாண்டித் திருச்சி போய்ச் சேர ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர். சாலைக்கு மைல்கல் இருக்கிறது. வங்கக் கடல்மேல் கல் நட்டவர் யார்?

யாரும் நடவில்லை. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் பூமிப் பரப்பின் மிகக் குறுகிய வழியைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். ஆனால் பூமி எவ்வளவு பெரியது, துருவங்களில் எவ்வளவு தட்டை என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதை அளக்கப் புறப்பட்ட ஒரு கூட்டம் நம் காவிரிக்கரைக்கும் வந்தது.

1802 ஏப்ரலில் அந்தக் கூட்டத்தின் தலைவர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே, இன்றைய விமான நிலையத்தின் பக்கத்திலேயே, 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் 12 கிலோமீட்டர் நீளக் கோடு ஒன்றை அளந்தார். அதன்பின் கோணங்களை அளந்து, முக்கோணம் முக்கோணமாக நகர்ந்தால் போதும். அதற்கு உயரமான இடம் வேண்டும். தஞ்சைத் தரணியில் மலை ஏது? எங்கு பார்த்தாலும் வயலும் தென்னந்தோப்பும்தான். ஆகவே கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார்கள்.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் விபரீதம் நடந்தது. அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியை மேலே தூக்கும்போது கயிறு அறுந்து, கருவி கல்லில் மோதியது. அதன் பெரிய வட்டத் தகடு நெளிந்துவிட்டது. லாம்டன் கருவியைப் பிரித்துப் போட்டார். ஒரு பலகையில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, நெளிந்த தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அந்த வட்டத்துக்குள் பொருத்தினார். ஆறு வாரம் பிடித்தது. அதே கருவிதான் பின்னும் பல ஆண்டுகள் உழைத்தது. இந்த ஆறு வாரப் பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன். கயிறு பிடித்த நம் ஊர்க் கைகளின் பெயரையும் யாராவது எழுதி வைத்திருக்கலாம்.

லாம்டன் 1823-இல் இறந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த அளவைகளைக் கொண்டு 1830-இல் பூமியின் வடிவத்தைக் கணித்தார். நிலநடுக்கோட்டில் ஆரம் 6,377.276 கிலோமீட்டர். இன்று செயற்கைக்கோள் கணக்கு சொல்வது 6,378.137. வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை!

பயண நேரம் இவ்வளவு உறுதியானது அல்ல. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து சேருமிடத்தில் போய் நிற்பது வரை கணக்கு. காற்று அதைக் கூட்டும், குறைக்கும். திருச்சி–சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். அந்த இரண்டரை மணியைக் கழித்துப் பார்க்கும்படி, முதல்முறை போகிற பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.