தாடை எலும்பிலிருந்து மைக்ரோ ஆர்.என்.ஏ. வரை: சிவகாசித் தொழில்களும் தொழில்நோய்க் குறிகளின் வரலாறும்

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசுக்கான வேதிக்கலவை 'மருந்து' என்றே வழங்கப்பெறுகிறது. அம்மருந்தால் நேரும் வெடிவிபத்து, நாளும் இடமும் இறந்தோர் தொகையுமாகப் பதிவாகிறது. அதனை ஆண்டுக்கணக்கில் கையாள்வோரின் உடலில் மெல்ல நேரும் கேட்டுக்கு அத்தகைய பதிவு எளிதில் அமைவதில்லை. தொழில்நோய் ஒன்று சட்டத்தின் கண்ணுக்குப் புலப்பட, அதனைக் காட்டும் குறி தேவைப்படுகிறது. தீப்பெட்டித் தொழிலில் தாடை எலும்பு அக்குறியாயிற்று. குருதியில் காணப்பெறும் மைக்ரோ ஆர்.என்.ஏ. பட்டாசுத் தொழிலில் அவ்வாறு ஆகக்கூடுமா என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

வெண்பாஸ்பரசும் 1913ஆம் ஆண்டுச் சட்டமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தீக்குச்சி ஆலைகளில் வெண்பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்தோரின் தாடை எலும்பு அழுகியது. வியன்னா மருத்துவர் லோரின்சர் 1845இல் இந்நோயை விவரித்தார். முகத்திலேயே தெரிந்த இக்குறி தன் காரணத்தையும் உடன் சுட்டியது. 1906ஆம் ஆண்டுப் பெர்ன் உடன்படிக்கை வெண்பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்தது. இந்தியாவில் 1913இல் தடைச்சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்று, 1920களின் தொடக்கத்தில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியபோது அந்நஞ்சு விலக்கப்பட்டிருந்தது. பிற நாட்டுத் தொழிலாளர் முகத்தில் எழுதப்பட்ட குறி சிவகாசித் தொழிலாளரைக் காத்தது எனலாம்.

பட்டாசுத் தொழிலில் சட்டம் கண்ட ஆபத்து

பட்டாசுத் தொழிலை ஆண்ட 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும், அதன்கீழ் வந்த 1940, 2008ஆம் ஆண்டு விதிகளும் வெடிப்பைத் தடுப்பதையே முதன்மை நோக்காகக் கொண்டன. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990இலும் 1996இலும் அளித்த தீர்ப்புகள் சிறார் உழைப்பை மையப்படுத்தின. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின் பாதுகாப்பு விதிகளே மீண்டும் பேசுபொருளாயின. 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் உப்புகளைத் தடைசெய்த தீர்ப்புக்கு, தில்லிக் குழந்தைகள் சார்பில் 2015இல் தொடரப்பட்ட வழக்கே மூலம். அவ்வழக்கில் நகரத்தார்க்கு நுரையீரல் பேசப்பட்டது. தொழிலாளர்க்குப் பெரும்பாலும் வாழ்வாதாரமே பேசப்பட்டது. பேரியம் நைட்ரேட்டையும் அலுமினியப் பொடியையும் கலந்த கைகளுக்குரிய உடல் விவாதத்தின் ஓரத்திலேயே நின்றது.

மைக்ரோ ஆர்.என்.ஏ.-21

விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோர் 1993இல் உருளைப்புழு ஒன்றில் கண்டறிந்த மைக்ரோ ஆர்.என்.ஏ., ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு நீளமுடையது. புரதங்கள் உருவாகும் அளவைக் கட்டுப்படுத்துவது. இக்கண்டுபிடிப்புக்கு 2024ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. குருதிப் பிளாஸ்மாவில் இம்மூலக்கூறுகள் சிதையாமல் நிலைப்பதை 2008இல் வெளியான ஆய்வு காட்டியபின், இவற்றை நோய்க்குறியாகக் கொள்ளும் முயற்சி விரிந்தது.

சிவகாசிக்கு நெருங்கிய சான்று இத்தாலியின் பிரேசியாவுக்கு அருகிலுள்ள எஃகு ஆலையிலிருந்து கிடைக்கிறது. உலோகத் துகள் நிறைந்த காற்றில் பணியாற்றிய 63 தொழிலாளரின் வெள்ளணுக்களில், வேலைவாரத் தொடக்கத்தைவிடச் சில நாள் பணிக்குப்பின் மைக்ரோ ஆர்.என்.ஏ.-21, 222 ஆகியன உயர்ந்திருந்தமை 2010இல் வெளியிடப்பட்டது. அதே ஆண்டு வேறோர் ஆய்வு, எலிகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-21ஐத் தடுத்தபோது நுரையீரல் தழும்பேற்றம் குறைந்ததைக் காட்டியது. ஒரே மூலக்கூறு நோய்க்குறியாகவும் மருந்திலக்காகவும் கருதப்படுவது இதனால்தான். எனினும் மருந்தின் பாதை எளிதாயில்லை: இதே மூலக்கூறைத் தடுக்கும் லேடமிர்சன், அல்போர்ட் என்னும் சிறுநீரக நோய்க்கான மனிதச் சோதனையில் போதிய பலன் தராமையால் 2022இல் நிறுத்தப்பட்டது.

குறியின் எல்லை

தாடை அழுகலுக்கும் இம்மூலக்கூறுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. முன்னது காரணத்தைத் தானே சுட்டியது. பின்னதோ பல புற்றுநோய்களிலும் இதய நோயிலும்கூட உயர்வது. எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாதது. எனவே ஒருவரின் ஒற்றை அளவீடு, அவர் நோய்க்குப் பட்டாசு மருந்தே காரணம் என நிறுவாது. பணிக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவு, அதே ஊரில் பிற தொழில் செய்வோரின் அளவு, உடலில் சேர்ந்த உலோகத்தின் அளவு ஆகியவற்றோடு பணிவரலாறும் வேண்டும். உள்குத்தகை அறைகளிலும் வீடுகளிலும் உழைப்போர்க்கு இல்லாதது அப்பணிவரலாறே. பதிவேட்டில் பெயரில்லாதவரின் குருதி, இழப்பீட்டுக்குச் சான்றாவது கடினம். அவ்வளவு குறைவாக இருப்பின் அதுவே அவர் கோரிக்கையை மறுக்கவும் பயன்படலாம்.

முடிவுரை

தீப்பெட்டித் தொழிலின் நோய் மருந்தால் ஒழியவில்லை. நஞ்சை விலக்கியதால் ஒழிந்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆய்வு சிவகாசிக்குப் பயன்பட வேண்டுமாயின், சிகிச்சையை எதிர்நோக்குவதைவிடக் கலவையை மாற்றுவதற்கான சான்றாக முதலில் அமைய வேண்டும். அதற்கு ஆய்வகத்தைப் போலவே வருகைப் பதிவேடும் இன்றியமையாதது. உடல் எழுதும் குறியை, தொழிற்சாலை எழுத வேண்டிய பதிவோடு சேர்த்தே படிக்க இயலும்.