நியோஸ் ஏரி: குமிழி கிளம்பிய ராத்திரி

இன்னைக்கு நாம போகப்போறது ஆப்பிரிக்காவின் கேமரூனுக்கு. 1986 ஆகஸ்ட் 21 ராத்திரி. நியோஸ் என்ற எரிமலை வாய் ஏரியைச் சுற்றியிருந்த ஊர்களில் 1,700 பேருக்கு மேல் மூச்சுத் திணறி இறந்துபோனாங்க. ஆடு மாடுகளும் ஆயிரக்கணக்கில். வீடுகள் மட்டும் அப்படியே நின்னுச்சு.

என்ன நடந்தது? ஏரியின் ஆழம் 200 மீட்டருக்கு மேல். பூமிக்கடியிலிருந்து கசிந்த கார்பன் டை ஆக்சைடு அடித்தண்ணீரில் கரைந்து, மேலே இருக்கும் தண்ணீரின் அழுத்தத்தில் அடங்கிக் கிடந்தது. அந்தத் தண்ணீர் கொஞ்சம் மேலே வந்தா அழுத்தம் குறையும்; சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழி கிளம்பும். குமிழி கலந்த தண்ணீர் லேசானது, அதனால் ஏறும். ஏறும்போது கீழே இருப்பதையும் இழுத்துக்கிட்டு வரும். அதிலிருந்து இன்னும் குமிழி. நம்ம பாஷையில சொன்னா, தன்னைத்தானே கூப்பிட்டுக்கிற ஃபங்ஷன். வெளியே வந்த வாயு காற்றைவிட கனம். பள்ளத்தாக்கு வழியா 20 கிலோமீட்டருக்கும் மேல் பரவிச்சு.

ஏரிக்குள்ளே வாயு இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. 2001-ல் மிஷேல் ஆல்ப்வாக்ஸ் தலைமையிலான பிரெஞ்சுக் குழு, 200 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழாயை இறக்குச்சு. பம்ப் தேவைப்பட்டது ஆரம்பிக்க மட்டும்தான். குழாய்க்குள் குமிழி வந்ததும், அதுவே தண்ணீரை இழுத்து, சுமார் 50 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சியடிச்சது. ஊரைக் கொன்ற அதே விசை, இப்போ ஒரு குழாயின் அகலத்துக்குள்ளே!

2011-ல் இன்னும் இரண்டு குழாய்கள் போட்டாங்க. ஆனா அடியில் கசிவு நிக்கலை. குழாயைக் கவனிக்க ஆள் இருக்கணும், மக்களே. அதுதான் முக்கியம்.